சங்கம் வளர்த்த நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன்

நூலகர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர், புத்தக அலுமாரிகளுக்கு நடுவே தனியே அமர்ந்து, சத்தம் போட வேண்டாம் என்று கையால் சைகை காட்டும் ஒருவர்தான். அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல், பதவியேற்ற சில நாட்களிலேயே வேலையை விட்டுவிட நினைத்த ஒருவர்தான் பின்னாளில் இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்பட்டார் என்றால் நம்புவதற்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்.

சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கலும் இருந்தது. ஆயினும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். அக்காலத்திலேயே சென்னை ஆசிரியர் சங்கத்தின் கணித, விஞ்ஞானப் பிரிவுக்குச் செயலாளராகவும் இருந்தார். ஒரே தொழில் செய்வோர் ஒன்றுகூடினால் என்ன நடக்கும் என்பதை அவர் நூலகத்தில் கற்கவில்லை, ஆசிரியர்களிடமிருந்தே கற்றார். இதை நாம் கவனிக்க வேண்டும்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். வகுப்பறையின் கலகலப்பில் பழகியவருக்கு, வாசகர் அதிகம் வராத அந்த நூலகம் சிறைபோல் தோன்றியது. மீண்டும் கற்பிக்கவே வருகிறேன் என்று பழைய கல்லூரி அதிபரிடம் போய் நின்றார். அதிபர் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று வரும்படியும், திரும்பி வந்த பின்னரும் மனம் ஒட்டாவிட்டால் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்றும் ஆறுதல் கூறி அனுப்பினார்.

இலண்டனில் அவருக்கு வாய்த்த ஆசான், குரொய்டன் நகர நூலகத்தின் தலைவராயிருந்த பேர்விக் சேயர்ஸ். ரங்கநாதன் வகுப்பறையோடு நின்றுவிடாமல் ஏறத்தாழ நூறு நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். சிறுவர்க்கென ஒரு பகுதி, தொழிலாளர்க்கென ஒரு பகுதி என எங்கும் வாசகர் நிறைந்திருந்தனர். அந்நாட்டு நூலகர்களோ 1877 முதலே சங்கம் அமைத்து இயங்கி வந்தனர். ஒருவர் கண்டறிந்த முறை மற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது, ஒருவருக்கு வந்த இடர் எல்லோருடைய பேச்சுக்கும் பொருளானது. சென்னையில் தான் தனியே அமர்ந்திருந்த அறை அவருடைய நினைவுக்கு வந்திருக்கும் அல்லவா?

1925இல் ஊர் திரும்பியவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. நூலகத்திலேயே இருபது ஆண்டுகள் தங்கிவிட்டார். அலுமாரிகளைத் திறந்துவிட்டு வாசகர்களே நூல்களைத் தேடி எடுக்கச் செய்தார். அதோடு ஊரையும் ஒன்று சேர்க்க முனைந்தார். 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் ரங்கநாதனே. நூலகர்கள் மட்டும் கூடிக் கலையும் சபையாக அவர் அதை அமைக்கவில்லை. வழக்கறிஞர், ஆசிரியர், சட்டசபை உறுப்பினர் எனப் பலரையும் உள்ளே கொண்டு வந்தார். அவருடைய வெற்றியின் இரகசியமே இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதே ஆண்டில் அவருடைய மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் உயிரிழந்தார். அந்தத் துயரத்தின் ஈரம் காயுமுன், ஆண்டின் இறுதியில், சிதம்பரத்தில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை முதன்முதலாக எடுத்துரைத்தார். நூல் பூட்டி வைப்பதற்குரியதன்று என்பதில் தொடங்கி, நூலகம் உயிருள்ளதொன்றாய் வளர்ந்துகொண்டே போவது என்பதில் முடியும் அவ்விதிகள் இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவர்களின் முதற்பாடம். 1931இல் அவை நூலாக வெளிவந்தபோது அதனை வெளியிட்டது சென்னை நூலகச் சங்கமே. நூலகர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி வகுப்பையும் 1929இல் தொடங்கியது சங்கந்தான். இரண்டு ஆண்டுகளின் பின் பல்கலைக்கழகம் அதைப் பொறுப்பேற்றது. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு செல்லத் தொடங்கினார். நூல் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் சென்னைக்கு வெளியேயும் பரவிவிட்டது.

சங்கத்தின் உண்மையான பலம் தெரிய வந்தது நூலகச் சட்டத்தின் கதையில்தான். பொதுநூலகம் செல்வந்தரின் தர்மமாக இருக்கக்கூடாது, சட்டத்தின்படி மக்களுக்குரியதாக இருக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் கொள்கை. அதற்கான மாதிரிச் சட்டமொன்றை 1930இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் முன்வைத்தார். 1933இல் சென்னைச் சட்டசபையில் நூலக மசோதாவைக் கொண்டு வந்தவர் ஜனாப் பஷீர் அகமது சையீத். பிற்காலத்தில் நீதிபதியாகி, சென்னையில் முஸ்லிம் பெண்களின் உயர்கல்விக்காக எஸ்.ஐ.ஈ.டி. மகளிர் கல்லூரி உருவாக உழைத்தவரும் இவரே. அன்று அந்த மசோதா சட்டமாகவில்லை. சுதந்திரம் கிடைத்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது நூலகச் சட்டம் இது. வீட்டு வரியோடு சிறு தொகையொன்றை நூலகத்துக்கென அறவிட இச்சட்டம் வழி செய்தது. காசியில் முன்வைத்ததிலிருந்து எண்ணினால் பதினெட்டு ஆண்டுகள். தனி மனிதர் எவரும் எத்தனை முறைதான் கதவைத் தட்டுவார்?

அகில இந்திய அளவில் நூலகச் சங்கம் 1933இல் கல்கத்தாவில் அமைந்தது. 1944 முதல் 1953 வரை அதன் தலைவர் ரங்கநாதன். இதனிடையே காசிப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லியிலும் பணி. சர்வதேச ஆவணவாக்கச் சம்மேளனத்தின் கூட்டங்களிலும் அவருடைய குரல் ஒலித்தது. 1952இல் இலண்டன் நூலகர் சிலர் பகுப்பாக்க ஆய்வுக்கென ஒரு குழுவாய்ச் சேர்ந்தனர். அவர்களுக்கு உந்துதலாயிருந்தது ரங்கநாதனின் சிந்தனையே. ஒருகாலத்தில் இலண்டனுக்குப் படிக்கப் போனவர், இப்போது இலண்டனுக்கே பாடமாகிவிட்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதிவிட என்னால் முடியாது. விடுமுறை என்பதையே விரும்பாத மனிதர். பிறரும் அவ்வாறே உழைக்க வேண்டுமென எதிர்பார்த்திருப்பார். அவரோடு பணியாற்றியவர்களுக்கு அது இலகுவாக இருந்திராது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையும், அறிஞர் மெச்சிய அளவுக்கு நூலகங்களில் பரவவில்லை. நமது பாடசாலை நூல்களின் முதுகில் ஒட்டப்பட்டிருப்பவை இன்றும் தூயி என்ற அமெரிக்கரின் தசம எண்கள்தானே! ஆனால் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதவர் அவர். வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் பீடம் அமைக்கக் கொடுத்தார். பின்னர் இரண்டாவது மனைவி சாரதாவின் பெயரில் ஓர் அறக்கட்டளையும் நிறுவினார்.

நமது நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது, கட்டடக் கலைஞர் நரசிம்மனோடு ஆலோசனை வழங்கியவர் ரங்கநாதன். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்ட அக்கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1960இல் இலங்கை நூலகச் சங்கமும் உருவாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்து போனதைக் காண அவர் உயிரோடு இல்லை.

இறுதி நாட்களைப் பெங்களூரில் கழித்தார். எழுபது வயதில், 1962இல், அங்கே ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி நிலையத்தைத் தொடங்கி, இளையவர்களைச் சுற்றி அமரவைத்துப் பாடம் நடத்தினார். 1972 செப்டெம்பர் 27ஆம் திகதி அந்நகரிலேயே காலமானார்.