பொன்னிற மருந்து தந்த டாக்டர் சுப்பாராவ்

பென்சிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஆறாம் வகுப்புத் தங்கைகூட அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று தயங்காமல் கூறிவிடுவாள். ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, உலகமே பயன்படுத்தும் மருந்துகளுக்குக் காரணமாயிருந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதுதான். எங்கள் அம்மாயிக்குக் காய்ச்சல் வந்திராவிட்டால் இன்றும் தெரிந்திருக்காது.

அம்மாயி நாமக்கல்லுக்கு அருகே கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறார். கார்த்திகை மழையில் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆறு நாள் ஊசியும் மாத்திரையும் கொடுத்தும் குறையவில்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது, சிறுநீர் நின்றது, பேச்சு தடுமாறியது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் உடம்பு முழுவதும் தேடி, இடுப்பு மடிப்பில் பீடி நெருப்பால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டார். உண்ணிக் காய்ச்சல் என்றார். புல்லிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவது அது. கிருமி இரத்தக் குழாய்களைத் தாக்க, உடம்பு அதனோடு போராடும் வேகத்தில் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளுமாம். இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகமும் நுரையீரலும் சோர்ந்துபோகும். இந்த நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற, வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அம்மாயிக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று எங்களைக் கேட்டார். அந்த மருந்தின் பூர்வீகத்தைத் தேடப் போய்த்தான் நான் சுப்பாராவ் அவர்களிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். தந்தையார் சீக்கிரமே காலமானார். தாயார் வெங்கம்மா மிகுந்த சிரமத்தில் பிள்ளைகளை வளர்த்தார். சுப்பாராவ் படிப்பில் சுட்டி என்று நினைத்துவிடாதீர்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். (இதைப் படித்ததும் எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.) துறவியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார், தாயார் சம்மதிக்கவில்லை. பிறகுதான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை அங்கி தைத்து அணிந்துகொண்டு அவர் வகுப்புக்குச் சென்றாராம். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார். அந்த ஆண்டுகளில்தான் அவர் வீட்டில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் தீராத வயிற்றுப்போக்கு நோயால் அண்ணனும் தம்பியும் எட்டே நாட்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். மருந்து இல்லாமல் மனிதர் சாவதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிட்டார்.

பிறகு மாமனாரின் உதவியோடும் ஓர் அறக்கட்டளையின் உதவியோடும் கப்பலேறி, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆகவே பகலில் படித்துவிட்டு, இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலத் தட்டுகளைக் கழுவினார். ஊரில் டாக்டர் பட்டம் பெற்றவர்!

அவர் புறப்பட்டபோது மனைவி சேஷகிரி அம்மையார் கருவுற்றிருந்தார். பிறந்த ஆண் குழந்தை தந்தையின் முகத்தைக் காணாமலே இறந்துபோயிற்று. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அவர் காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கு என்பது உண்மை. காத்திருந்த அந்த அம்மையாரின் வாழ்நாளும் உண்மைதானே?

ஹார்வர்டில் பேராசிரியர் ஃபிஸ்க் அவர்களுடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றியும் ஆராய்ந்தார். இருந்தும் அங்கே அவருக்கு நிலையான பதவி தரப்படவில்லை. 1940இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அதன்பின் எட்டே ஆண்டுகள்! ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது அவர் குழு. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தணித்த மருந்தும் அங்கே பிறந்தவையே.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி. பென்சிலின் பல கிருமிகளைக் கொல்லும். உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும் உண்ணிக் காய்ச்சல் கிருமியிடம் அது பலிக்காது. அத்தகைய கிருமிகளையும் அடக்கும் மருந்து மண்ணில் இருக்கக்கூடும் என்று கருதி, பல இடங்களிலிருந்து மண்ணை வரவழைத்து அங்கே சோதித்தார்கள். வேறிடத்தில் ஓய்வு பெற்ற, எழுபது வயதைத் தாண்டிய தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டகர் என்பவரிடம் சுப்பாராவ் இப்பணியை ஒப்படைத்தார். மிசௌரி மாநிலத்து வயல் ஒன்றின் மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை 1945இல் டகர் கண்டார். அதிலிருந்து கிடைத்த மருந்துக்கு, பொன் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லை ஒட்டி, ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள முடியாமல் தடுப்பது இக்குடும்பத்தின் வேலை. எங்கள் அம்மாயி விழுங்கிய டாக்ஸிசைக்ளின் 1967இல் மருந்துக் கடைகளுக்கு வந்த அதன் இளைய தங்கை.

1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, தமது 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் இயற்கை எய்தினார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஒரு பூஞ்சணத்துக்கு அவர் பெயரை இட்டார்கள். 1995இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

அவர் தொடங்கிய வேலை நின்றுவிடவில்லை. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் 7 மருத்துவமனைகளில், கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 800 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியே தருவதைவிட இரண்டையும் சேர்த்துத் தருவதால் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023இல் தெரிவித்தார்கள். ஆனாலும் இறப்பு மட்டும் குறையவில்லை. அதற்கு நோயாளி சீக்கிரம் வந்து சேர வேண்டும், பொருக்கைத் தேடிப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

இக்கட்டுரையை அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுப்பாராவ் என்றால் நம் குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன்தானே என்று கேட்டார். இல்லை அம்மாயி, இவர் வேறு என்று இரண்டு முறை விளக்கினேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மாமாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு புல் அறுக்கக் கிளம்பிவிட்டார்.