தவக்குலும் முன்ஜாக்கிரதையும்: வைத்தியர் மூஸா இப்னு மைமூன் சரிதை

நம் வியாபார ஸ்தலங்களில் கல்லாவுக்கு மேலே தவக்குலைப் பற்றிய அரபு வாசகத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். அது நம் ஈமானின் அடையாளம். ஆனால் அதே கடையின் பின்கட்டில் சரக்குப் பெட்டிகள் வாசலை அடைத்துக் கிடக்கும். மின்சாரக் கம்பி தோலுரிந்து தொங்கும். யாரேனும் சுட்டிக் காட்டினால், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி விடுகிறோம். தவக்குல் எங்கே முடிகிறது, அசட்டை எங்கே தொடங்குகிறது?

இக்கேள்வியை நம் உலமாக்கள் மட்டுமன்றி, வேதக்காரர்களாகிய யூதர்களின் அறிஞர்களும் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். அவர்களுள் தலைசிறந்தவர் மூஸா இப்னு மைமூன். ஐரோப்பியர் அவரை மைமோனிடஸ் என்பர். முஸ்லிம்களின் ஆட்சியில் பிறந்து, அரபு மொழியில் பல நூல்கள் இயற்றி, ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவை வட்டாரத்தில் வைத்தியராய் விளங்கியவர் அவர்.

அவர் 1138ஆம் ஆண்டு வாக்கில் அந்தலூஸின் குர்துபா நகரில் பிறந்தார்; 1135 என்போரும் உளர். தந்தையார் மைமூன் யூதர்களுக்கு நியாயாதிபதி. 1148ல் முவஹ்ஹிதுகள் அந்நகரைக் கைப்பற்றி, பிற மதத்தாரைக் கட்டாயப்படுத்தத் தலைப்பட்டனர். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது நம் திருமறையின் போதனை. அதற்கு மாறாக நடந்த அக்காலத்தை நாம் வருத்தத்தோடுதான் நினைவுகூர வேண்டும். ஊர் ஊராய் அலைந்த அக்குடும்பம் 1160 வாக்கில் மொராக்கோவின் ஃபாஸ் நகரை அடைந்தது. அங்கும் நிலைமை அதுவே. அப்போது தம் மக்களுக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதமொன்றுண்டு. இரட்சகர் வருவார், அதுவரை இங்கேயே இருப்போம் என்று காத்திருப்பது தவறு. மார்க்கத்தைப் பேண முடியாத ஊரை விட்டுப் புறப்படுவதே கடமை என்பது அதன் சாரம். சொன்னபடியே 1165ல் அவரும் குடும்பத்தாருடன் கப்பலேறினார். நடுக்கடலில் கடும்புயல் வீசிற்று. உயிர் பிழைத்தவர் அந்நாளை ஆண்டுதோறும் நோன்பிருந்து நினைவுகூர்வதென நேர்ந்து கொண்டார். அக்காவில் கரையிறங்கி, பைத்துல் முகத்தஸைத் தரிசித்து, பின்னர் மிஸ்ர் நாட்டின் ஃபுஸ்தாத்தில் நிலைபெற்றார்.

இனிமேல்தான் வியாபாரிகளாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சம்பவம் வருகிறது. மூஸாவின் இளவல் தாவூத் இரத்தின வியாபாரி. அவர் சம்பாத்தியத்தில் குடும்பம் நடக்க, தமையனார் கவலையின்றிக் கல்வியில் மூழ்கியிருந்தார். ஒரு பயணத்தில் தாவூத் நைல் நதிக்கரையின் கூஸ் என்னும் ஊரிலிருந்து, வியாபாரக் கூட்டத்தைச் சேராமல், ஒரே துணையுடன் பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறையாகிய அய்தாபை அடைந்தார். பிறகு வந்து சேர்ந்த கூட்டத்தாரோ வழியில் கொள்ளையடிக்கப்பட்டிருந்தனர்; சிலர் தாகத்தால் மாண்டிருந்தனர். அய்தாபில் அவுரிச் சாயத்தைத் தவிர வாங்கத்தக்க சரக்கு ஏதும் அகப்படாததால், இந்தியாவுக்கே கப்பலேறிவிடத் தாவூத் முடிவு செய்தார். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான் என்று ஆறுதல் கூறித் தமையனாருக்குக் கடிதம் எழுதினார். பழைய கெய்ரோவின் யூத ஆலயத்து அறையொன்றில் பல நூற்றாண்டுகள் கிடந்த அக்கடிதம் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

தாவூத் திரும்பவில்லை. இந்தியப் பெருங்கடலில் அவர் மூழ்கினார். தமையனாரின் பணமும், பிறர் நம்பி ஒப்படைத்த பணமும் அவரோடு மூழ்கின. இளம் விதவையும் ஒரு சிறுமியும் எஞ்சினர். மூஸா ஏறக்குறைய ஓராண்டு காலம் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். ஆண்டுகள் பல கழிந்த பின்னும், தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு கலங்குவதாக ஒரு நண்பருக்கு எழுதினார். கடல் வாணிபத்தில் உற்றாரைப் பறிகொடுத்த மரக்காயர் வழிவந்த நமக்கு அத்துயரத்தை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் விதியென்று சோர்ந்து கிடக்கவில்லை. எழுந்தார், வைத்தியத் தொழிலை மேற்கொண்டார், குடும்பப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றார்.

1178 வாக்கில் அவர் நிறைவு செய்த யூத ஷரீஅத் தொகுப்பு 14 பாகங்கள் கொண்டது. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டுமென்பது மூஸா நபி (அலை) அவர்களின் வேதக் கட்டளை. அதனை இவர் எங்கே வைத்தார் தெரியுமா? வீடு கட்டும் சட்டத்தில் அன்று. கொலையைப் பற்றிய சட்டத்திலே வைத்தார்! சுவர் 10 பிடி, அதாவது சுமார் 3 அடி உயரம் இருக்க வேண்டும். விழுபவரைத் தாங்கும் உறுதியும் வேண்டும். கிணற்றுக்கும் அப்படியே. சாய்ந்த சுவரின் கீழும், ஆடும் பாலத்தின் மீதும் செல்லலாகாது. இரவில் மூடாத நீரைப் பருகலாகாது. காசை வாயில் வைக்கலாகாது. நோயாளிகளின் எச்சில் அதில் பட்டிருக்கலாம். என் உயிர், என் ஆபத்து, பிறருக்கென்ன என்று கேட்பவனுக்கு நீதிமன்றம் கசையடி கொடுக்கலாம் என்பதும் அவர் தீர்ப்பு. உயிர் நமக்குச் சொந்தமன்று, அமானிதம் என்பதே இதன் உட்பொருள்.

மருந்துண்பது இறைநம்பிக்கைக்குக் குறைவு என்று வாதித்தவர்களையும் அவர் சும்மா விடவில்லை. பசித்தவன் ரொட்டி உண்பது நம்பிக்கைக் குறைவாகுமா என்று கேட்டார். உணவைப் படைத்தவனுக்கு நன்றி கூறுவது போல மருந்தைப் படைத்தவனுக்கும் நன்றி கூறுக என்றார். சோதிடத்தைப் பற்றி 1195ல் ஃபிரான்ஸ் நாட்டு யூதர்களுக்கு எழுதுகையில், முன்னோர் நட்சத்திரங்களை நம்பிப் போர்க்கலையைக் கற்காததாலேயே நாட்டையும் ஆலயத்தையும் இழந்தனர் என்று துணிந்து கூறினார்.

அப்படியானால் இறைவனின் பராமரிப்பு எங்கே? 1190 வாக்கில் முடித்த 'தலாலத்துல் ஹாயிரீன்' என்னும் அரபு நூலில் இதுபற்றி ஐந்து கொள்கைகளை அவர் நிறுத்துப் பார்க்கிறார். கப்பல் மூழ்குவது இயற்கையின் போக்கென்றாலும், மனிதர் அதில் ஏறியது தற்செயலன்று, இறைநாட்டமே என்கிறார். தம்பியைக் கடலில் இழந்தவர் அந்த உதாரணத்தை எடுத்தாண்டது நம் உள்ளத்தைத் தொடுகிறது. அஷ்அரிய்யாக் கொள்கையை அவர் மறுத்தார். இலை உதிர்வதும் இறைவிதியே எனில் ஏவலும் விலக்கலும் வீணாகுமே என்பது அவர் வாதம். நம்மில் பெரும்பாலோர் இமாம் அஷ்அரீ (ரஹ்) அவர்களைப் பின்பற்றுவோர். அவர் மறுப்பை நாம் ஏற்பதில்லை. செயலைப் படைப்பவன் அல்லாஹ். அதைத் தேடிக் கொண்ட பொறுப்பு அடியானுடையது என்பதே நம் உலமாக்களின் விடை. கொள்கையில் வேறுபட்டாலும், மாடிக்குச் சுவர் வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

முதுமையில் அவர் பட்ட பாடு வியப்புக்குரியது. நாள்தோறும் காலையில் ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோ அரண்மனைக்குச் சென்று, பிற்பகலில் பசியோடு திரும்புவார். வீட்டில் யூதரும் பிறரும், பெரியோரும் எளியோருமாய் நோயாளிகள் காத்திருப்பர். சிறிது உண்டுவிட்டு, இரவு வரை, களைப்பால் படுத்தபடியே மருந்து எழுதிக் கொடுப்பார். ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்ஃபாளில் வேண்டியபடி, விஷக்கடிக்கு உடனே செய்ய வேண்டியவற்றை விளக்கி 1199ல் ஒரு நூலும் இயற்றினார். 1204 டிசம்பரில் அவர் காலமானார். மகன் இப்றாஹீமும் கெய்ரோவில் வைத்தியராய்ப் புகழ்பெற்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வையுங்கள் என்பது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அடுத்த சமூகத்து அறிஞர் ஒருவரும் வாழ்நாளெல்லாம் அதே வழியில் உழைத்திருக்கக் காண்கையில், நம் அசட்டைக்கு நாம் என்ன சமாதானம் சொல்வோம்? கடையில் உறங்கும் சிப்பந்தியும், கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும் நம் கைப்பிடிச் சுவரை நம்பி இருப்பவர்கள். பின்வாசலைத் திறந்து வைப்போம். பழுதான கம்பியை மாற்றுவோம். அதன் பிறகு கல்லாவின் மேலுள்ள வாசகத்தை நிமிர்ந்து பார்ப்போம். வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.