நிலா வெளிச்சத்தில் இறங்கிய நூர் இனாயத் கான்



சென்ற பௌர்ணமி இரவு கரண்ட் போனதும் நம்மில் பலர் மொட்டை மாடிக்கு ஏறினோம், ஞாபகம் இருக்கும். மேற்கே கல்வராயன் மலை கறுப்புக் கோடாகத் தெரிந்தது. வெள்ளிமலைப் பக்கம் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும், நிலாவில் காடு இருட்டாகவே இருக்கும், தண்ணீர் மட்டும் தகடு போல் மின்னும். அந்த மினுக்கத்தையும் ஒரு வழிகாட்டியாக வைத்து, இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டுக்குள் விமானம் ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு விமானத்தில் போய்த் திரும்பி வராத ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

அவருக்கும் நம் ஊருக்கும் மெல்லிய ஒரு தொடர்பு உண்டு. பக்கத்தில் உள்ள தியாகதுருகம் மலைக்கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1790-ல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, திப்பு சுல்தானின் படை அந்தக் கோட்டையைத் தாக்கியது. கேப்டன் பிளின்ட் தலைமையில் உள்ளே இருந்த கும்பினிப் படை அதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் திப்புவின் வம்சத்தில் வந்தவர் நூர் இனாயத் கான்.

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர், மேல்நாடுகளில் சூஃபி நெறியைப் பரப்பியவர். தாய் அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் பாரிஸ் அருகே குடியேறியது. 1927-ல் தந்தை இறந்தபோது நூருக்கு வயது 13. தாய் துக்கத்தில் ஒடுங்கிவிட, மூத்த பெண்ணான நூர்தான் தம்பிகளையும் தங்கையையும் பார்த்துக்கொண்டார். பிறகு குழந்தை உளவியலும் இசையும் படித்தார், சிறுவர் கதைகள் எழுதினார். 1939-ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 20 புத்த ஜாதகக் கதைகள் நூலாக வந்தன. தன் கூட்டம் தப்பிக்க உடம்பையே பாலமாக்கி உயிர்விட்ட குரங்கரசன் கதையும் அதில் உண்டு.

1940-ல் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. அகிம்சையில் வளர்ந்த நூர், அந்த நவம்பரிலேயே விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து ஒயர்லெஸ் பயின்றார். 1941-ல் குண்டுவீச்சு விமானப் பயிற்சி நிலையம் ஒன்றில் பணியில் அமர்த்தப்பட்டார். அதிகாரி பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டார்கள். விடுதலையை ஆதரிப்பதை அவர் மறைக்கவில்லை. இந்தப் போரில் இந்தியர்கள் சிலர் பெரிய வீரச் செயல் செய்தால், இரு நாட்டு மக்களுக்கும் இடையே அது ஒரு பாலமாகும் என்பது அவர் எண்ணம்.

பிரெஞ்சும் ஒயர்லெஸும் தெரிந்ததால் எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு அவரை அழைத்தது. சில பயிற்சியாளர்கள் இவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று குறிப்பு எழுதினார்கள். உத்தியோகம் பார்த்த நமக்கெல்லாம் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் புதிதா என்ன! மேலதிகாரி அதை ஒதுக்கிவிட்டு அனுப்பினார்.

இந்த ரகசிய வேலைக்கென்றே தனி விமானப் படைப் பிரிவுகள் இருந்தன. பெரிய குண்டுவீச்சு விமானங்கள் ஆயுதங்களையும் ஆட்களையும் பாராசூட்டில் இறக்கும். லைசாண்டர் என்ற சிறு விமானம் வயல்வெளியிலேயே இறங்கும். கறுப்பு வண்ணம், ஒற்றை எஞ்சின், ஏறி இறங்க ஓர் ஏணி, கூடுதல் பெட்ரோல் டேங்க். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் பறக்கும். தரையில் மூன்று டார்ச் லைட்தான் ரன்வே. சில நிமிடங்களில் ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

1943 ஜூன் 16 இரவு நூர் அப்படித்தான் பிரான்சில் இறங்கினார். அந்த அமைப்பு பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் ஒயர்லெஸ் ஆபரேட்டர் அவர். ஒரு ஆபரேட்டர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது என்று அப்போது கணக்கு. அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பாரிஸ் குழுவினர் வரிசையாகக் கைதானார்கள். திரும்பி வரச் சொல்லி லண்டன் அழைத்தது. நூர் மறுத்தார். தான் போய்விட்டால் பாரிசில் இருந்து செய்தி அனுப்ப ஆளில்லை என்பதே காரணம். வீடு மாற்றி, முடிக்குச் சாயம் மாற்றி, பெட்டியைச் சுமந்தபடி ஏறக்குறைய நான்கு மாதம் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார்.

அவர் செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். உத்தரவில் இருந்த ஃபைலிங் என்ற சொல்லை, அனுப்புவது என்று கொள்ளாமல் பத்திரப்படுத்துவது என்று புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நோட்டை வைத்து ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

வங்கியில் தந்தி மூலம் பணம் அனுப்பிய காலத்தில், ஒவ்வொரு தந்தியிலும் ஒரு ரகசிய எண் சேர்ப்போம். பெறும் கிளை கணக்குப் போட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பணம் தராது. ஒயர்லெஸ் செய்திகளிலும் அப்படிச் சரிபார்ப்புக் குறிகள் உண்டு. சந்தேகத்துக்கு இடமிருந்தும் லண்டன் பல மாதம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1944 பிப்ரவரியில் அந்தப் போலிச் செய்திகளை நம்பிப் பாராசூட்டில் குதித்த மாடலீன் டமர்மான் என்ற பெண், இறங்கிய இடத்திலேயே பிடிபட்டார். சரிபார்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பார்க்க வேண்டியவர் பார்க்காவிட்டால் உயிர் போகும்.

பிடிபட்ட நூர் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் இரண்டு கைதிகளுடன் சேர்ந்து அறைக் கம்பிகளைத் தளர்த்திக் கூரை வழியே தப்பினார். அதே நேரத்தில் நேச நாட்டு விமானங்கள் வர, அபாயச் சங்கு ஒலித்தது. காவலர்கள் அறைகளைச் சோதித்தார்கள், மூவரும் சிக்கினார்கள். எந்த விமானப் படைக்காக உழைத்தாரோ, அதுவே அறியாமல் அவரைப் பிடித்துக் கொடுத்தது. இனித் தப்ப மாட்டேன் என்று எழுதித் தர நூர் மறுத்தார். ஜெர்மனியில் சுமார் 10 மாதம் கைகால் விலங்குடன் தனிமைச் சிறையில் இருந்தார். விசாரணையில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று, டாகாவ் முகாமில், மூன்று தோழிகளுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. அந்த மூவரில் ஒருவர் மாடலீன் டமர்மான்.

1949-ல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கியது. 2012-ல் லண்டன் கார்டன் சதுக்கத்தில் மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

நண்பர்களே, தியாகதுருகத்தில் கும்பினியை எதிர்த்த மன்னரின் வாரிசு, பிரிட்டிஷ் சீருடையில் உயிர் கொடுத்ததை முரண் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவரும் பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மாடிக்கு வரும்போது பேரப்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மலையைக் காட்டி, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.