திப்பு சுல்தானின் இரும்புக் குழாய்

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் திப்பு சுல்தான். அவர் புலியோடு சண்டை போட்ட கதையை எல்லாரும் கேட்டாச்சு. நான் அவருடைய ராக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்ம ஏற்காடு மலையும் கீழே இருக்கும் சேலமும் 1792 வரை மைசூர் ஆட்சியில்தான் இருந்தன. காக்பர்ன் துரை இங்கே காபிச் செடி கொண்டுவந்தது அதற்கெல்லாம் பிறகு. அதனால் இவர் நமக்கு வேற்றூர் ராஜா இல்லை.

தேவனஹள்ளியில் பிறந்தவர். அப்பா ஹைதர் அலி. சிறு வயதிலேயே போர்க்களம் பார்த்தவர். 1782-இல் அப்பா இறந்ததும் ஆட்சிக்கு வந்தார். எதிரே நின்றது கிழக்கிந்தியக் கம்பெனி. அதனிடம் பணமும் கப்பலும் நல்ல பீரங்கியும் இருந்தன. ஆயுதத்தை வெளியே வாங்கியே காலம் தள்ளினால், விற்பவன் நிறுத்தின அன்றைக்கு நம்ம கதி என்ன? திப்பு இதைப் புரிந்துகொண்டவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1787-இல் பிரான்ஸ் அரசர் பதினாறாம் லூயியிடம் தூதர்களை அனுப்பியபோது, படை மட்டும் கேட்கவில்லை. கைத்தொழில் தெரிந்த ஆட்களையும் கேட்டார்.

இனி ராக்கெட். வாணம் நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. ஐரோப்பாவில் அதைக் காகித அட்டையில் செய்தார்கள். மருந்தை அதிகமாக இடித்து அடைத்தால் அட்டை கிழிந்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டைக் குழாயாக்கினார்கள். அதில் மருந்தை நன்றாக இறுக்கி அடைக்கலாம். நெருப்பு வைத்ததும் புகை பின்பக்கம் பயங்கர வேகத்தில் வெளியேற, குழாய் முன்னால் பாயும் (நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்!). நேராகப் போக ஒரு நீள மூங்கிலைக் கட்டினார்கள். சில சுமார் 2 கிலோமீட்டர் வரை போயின. பட்டறைகள் இருந்த பேட்டைக்குத் தாராமண்டல்பேட்டை என்று பெயர். நட்சத்திர மண்டலப் பேட்டை! எவ்வளவு அழகான பேரு பாருங்க.

1780-இல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்து, கர்னல் பெய்லி தோற்றார். வண்டிகள் வெடித்தது ராக்கெட் பட்டுத்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ராக்கெட்டைக் குறி பார்த்து விட முடியாது. 1792-இல் தோற்று, பாதி நாட்டைக் கொடுத்தார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். நம்ம சேலம் சீமை கம்பெனிக்குப் போனது அப்போதுதான். குடகிலும் மலபாரிலும் அவர் படையால் துன்பப்பட்டவர்கள் நிறைய; அதையும் மறைக்கக் கூடாது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் சண்டை போட்டே இறந்தார்.

வென்றவர்கள் ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் புதிதாகச் செய்தார். 1814-இல் அவை அமெரிக்காவின் பால்டிமோர் மீது பாய்ந்தன. அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட் வெளிச்சம் அதுதான். நம்ம கொல்லர்கள் பேர் மட்டும் எந்தப் பாட்டிலும் வரலை. நாசாவின் வாலப்ஸ் தீவில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இன்று சேலமும் ஒன்று. அந்தத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது 2018-இல். அதே வருஷம் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகரா கிராமத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டினார்கள். சேற்றுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள்! மருந்து அடைத்தபடியே கிடந்தனவாம்.