நீதியரசர் தாமஸ் ரஃபின்

அமெரிக்க அடிமைச் சட்டத்தின் வரலாற்றைப் பயில்வோர் தாமஸ் ரஃபினைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. 1787இல் வர்ஜீனியாவில் பிறந்து, 1805இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, வட கரோலினாவில் வழக்கறிஞராக விளங்கிய அவர், 1829இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். அமர்ந்தவுடனேயே வந்தது, அவர் பெயரை நிலைபெறச் செய்த வழக்கு.

அக்காலத் தென் மாநிலங்களில் அடிமையை விலைக்கு வாங்க இயலாதோர் ஆண்டு வாடகைக்குப் பெறுவர். உடைமையாளருக்குத் தம் பொருள் கெடாமல் திரும்ப வேண்டும். வாடகையாளருக்கோ தவணை முடிவதற்குள் இயன்றமட்டும் வேலை வாங்க வேண்டும். அடிமை நோயுற்றால், ஓடிப்போனால், இறந்தால் இழப்பு யாருடையது? இப்பூசல்கள் நீதிமன்றங்களுக்கு ஓயாமல் வந்தன.

எலிசபெத் ஜோன்ஸ் என்பாருக்குரிய லிடியா என்னும் பெண்ணை, சோவான் மாவட்டத்து ஜான் மான் ஓராண்டு வாடகைக்குப் பெற்றிருந்தான். சிறு பிழைக்காக அவன் தண்டிக்க முற்பட, அவள் ஓடினாள். நில்லென்றும் நில்லாதவளைச் சுட்டுக் காயப்படுத்தினான். வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லச் சட்டம் இடந்தரவில்லை. ஆயினும் ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்றனர். வாடகையாளனுக்கு உடைமையாளரின் முழு உரிமை இல்லை என்பது கீழ்நீதிமன்றத்தின் கருத்து.

ரஃபின் அதனை மாற்றினார். தவணைக் காலத்தில் வாடகையாளனும் உடைமையாளனே. தண்டனை கொடிதாயினும் அவன்மீது குற்ற வழக்குச் செல்லாது என்றார். உடைமையாளரின் பொருளுக்கு நேர்ந்த சேதம் வேறு. அதனைப் பொதுச் சட்டத்திற்கே விட்டுவிட்டார். ஆக, எலிசபெத் நட்டஈடு கோரலாம். லிடியாவுக்கோ எந்த வாயிலும் இல்லை.

தீர்ப்பிலேயே அவர் தம் மனவேதனையையும் எழுதிவைத்தார். அடிமை முறையைச் சாடிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவே 1853இல் அவரது உள்ளத்தைப் பாராட்டினார். எமக்கு அவ்வளவு இரக்கம் தோன்றவில்லை. 1820களில் அடிமைகளை வாங்கி விற்கும் வணிகத்தில் பங்குதாரராக இருந்தவர் அவர்! 1839இல், தன் அடிமைப்பெண்ணை வதைத்துக் கொன்ற ஓர் உடைமையாளனின் தண்டனையை உறுதிசெய்தார் என்பதையும் சொல்லவேண்டும். வதை உயிரைப் பறித்தபோதுதான் அவரது சட்டம் கண் திறந்தது.

1833 முதல் 1852 வரை தலைமை நீதிபதியாக இருந்து, 1870இல் மறைந்தார். ராலே நகர உச்ச நீதிமன்றக் கூடத்தில் நீதிபதிகளின் இருக்கைக்குப் பின்னே தொங்கிய அவரது பேருருவப் படம் 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது.