கல் பாதைக்கு எந்த சைக்கிள் டயர்? மகனுக்காகக் காற்றை அடைத்த கால்நடை மருத்துவர் டன்லப்பின் கதை

கேமரன் மலையில் கோலா தெர்லா பக்கம் மலை சைக்கிள் ஓட்டப் போகிறவர் நீங்கள் என்றால், மழை குறைந்த மாதங்களில் அங்குள்ள தோட்டப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே லாரிகள் ஏறி இறங்கி இறுகிப்போன தரை. அதன் மேல் சிதறிக் கிடக்கும் சரளை. மழைத் தண்ணீர் அரித்த வளைவுகளில் துருத்திக்கொண்டு நிற்கும் கற்கள்.

இந்தப் பாதைக்கு எந்த டயர் போடுவது? கடையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டயரின் மேல்வடிவத்தைப் பற்றித்தான் முதல் பேச்சு வரும். மலாயில் அதை 'புங்கா', அதாவது பூ என்பார்கள். பூ எப்படி இருக்கு, முளை எவ்வளவு உயரம், எந்தக் கம்பெனி என்று பேச்சு நீளும். எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: உள்ளே எவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு எவ்வளவு இடம்?

1887-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் தன் வீட்டு முற்றத்திலேயே இதற்கு விடை கண்டார் ஒருவர். அவர் பொறியாளர் இல்லை, சைக்கிள் வீரரும் இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவர். பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

யார் இந்த டன்லப்?

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் டிரெக்கார்ன் என்ற ஊரில் 1840 பிப்ரவரி 5 அன்று அவர் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். டவுன்பேட்ரிக் என்ற ஊரில் சகோதரருடன் தொழில் நடத்தி, பிறகு பெல்ஃபாஸ்டில் மே தெருவில் மருத்துவமனை வைத்தார். 1880-களில் அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, தனக்கு உடம்பு பலவீனம் என்றே அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாராம். 81 வயது வரை வாழ்ந்தார் என்பது வேறு கதை. கூச்ச சுபாவம், மென்மையான பேச்சு, நீண்ட தாடி. வியாபாரத்தில் நாலு பேரை முந்திப்போகிற ஆள் இல்லை. பின்னாளில் அவருக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் உருண்ட இரண்டு சக்கரங்கள்

டன்லப்பின் மகனுக்கு அப்போது சுமார் 10 வயது. அவன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளில் கெட்டி ரப்பர் வளையம்தான் டயர். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியும் நேராகப் பையனின் உடம்புக்கு ஏறியது. இந்தக் குலுக்கலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அப்பா யோசித்தார்.

மெல்லிய ரப்பர் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார். அதை ஒரு மரத் தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே துணி போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் உள்ளே காற்றை நிரப்பினார். பிறகு மகனின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசிவரை ஓடி, கதவுத் தூணில் மோதித் திரும்பியது.

குலுக்கல் குறையும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் அதைச் செய்தார். வேகமும் கூடியது.

ஏன் அப்படி? கெட்டியான சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதற்குச் செலவாகும் சக்தி திரும்பக் கிடைக்காது. முன்னோக்கிப் போக வேண்டிய வேகம் மேலும் கீழுமான ஆட்டத்தில் கரைந்துவிடும். காற்று அடைத்த சக்கரமோ கல்லை உள்ளே வாங்கிக்கொள்ளும். கல் இருக்கும் இடத்தில் மட்டும் அமுங்கும், மேலே இருப்பவர் அவ்வளவாக அசைய மாட்டார். இன்று மலை சைக்கிளுக்கு டயர் தேர்வு செய்யும் யாரும் கடைசியில் வந்து நிற்பது இந்த முற்றத்தில்தான்.

1888 ஜூலையில் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பர் 7 அன்று அது கிடைத்தது. அடுத்த ஆண்டு மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்தத் தடித்த டயர்களோடு பந்தயத்தில் இறங்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அன்று நடந்த 4 சைக்கிள் பந்தயங்களிலும் ஹியூம் முதலாவதாக வந்தார். சிரிப்பு அடங்கிப் போச்சு.

பெயர் அவருடையது, பணம் யாருக்கு?

அன்று தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்ற டப்ளின் தொழிலதிபரின் மகன்களும் உண்டு. டு குரோஸுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. அந்த ஆண்டே டப்ளினில் கம்பெனி தொடங்கப்பட்டது. டன்லப் தன் காப்புரிமையைக் கொடுத்துப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

அதன் பிறகு வந்தது இடி. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அவர் காலத்தில் மிதி சைக்கிள் வரவில்லை, நல்ல ரப்பரும் மலிவாகக் கிடைக்கவில்லை. அதனால் உலகம் அதை மறந்துவிட்டது. டன்லப்பும் அறியாமல்தான் செய்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான்: அவருடைய காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது.

கம்பெனியைக் காப்பாற்றியது வேறு இருவரின் கண்டுபிடிப்புகள். டன்லப்பின் டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருந்ததால் பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடு. 1890-இல் சார்ல்ஸ் வெல்ச், டயரின் ஓரத்துக்குள் கம்பி வளையம் வைத்து ரிம்மில் பொருந்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு வில்லியம் பார்ட்லெட் வேறு ஒரு முறையைக் காட்டினார. இரண்டு உரிமைகளையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. உங்கள் டயரைக் கழற்றி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக ஒரு வளையம் கைக்குத் தட்டும். அது வெல்ச்சின் வழிவந்தது.

1896-இல் டெரா ஹூலி என்ற நிதித் தரகர் அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்குச் சந்தையில் விற்றார். டன்லப் அதற்கு முன்பே விலகியிருந்தார். பெரிய லாபம் வந்த நேரத்தில், பெயருக்குச் சொந்தக்காரர் வெளியே நின்றார்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

டன்லப் காப்புரிமை வாங்கிய அதே 1888-இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக 1877-இல் அங்கே வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகள் மரமாகியிருந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி என்று ரிட்லி செய்து காட்டினார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார் என டயருக்குக் கிராக்கி ஏற ஏற, மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. அந்த மரங்களை வெட்ட, கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

1910-இலிருந்து டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் சீவியவர்களுக்கு டன்லப் என்பது ஒரு கம்பெனியின் பெயர். ஒரு பையனின் சைக்கிளைப் பார்த்து இரக்கப்பட்ட தகப்பனின் பெயர் அது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? முற்றத்தில் உருண்ட அந்தச் சக்கரம் எத்தனை குடும்பங்களைக் கடல் கடத்தியது என்று டன்லப்புக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவுதான்.

கோலா தெர்லாவில் பால்மரம் இல்லை. அந்த உயரத்துக் குளிர் அதற்கு ஆகாது. கேமரன் மலையில் 1929 முதல் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கொழுந்து பறிக்கவும் தமிழர்களே அழைத்து வரப்பட்டார்கள். நீங்கள் சைக்கிளில் ஏறும் பாதைகளில் பல, கொழுந்து மூட்டைக்காகவும் காய்கறிக் கூடைக்காகவும் போட்டவை.

சரி, எந்த டயர் வாங்குவது?

முதலில் அகலம். காய்ந்த கல் பாதைக்கு 2.3 முதல் 2.5 அங்குலம் வரை அகலமுள்ள டயர் நல்லது. அகலம் கூடினால் உள்ளே காற்றுக்கு இடம் கூடும். குறைந்த அழுத்தத்திலும் ரிம் கல்லில் இடிக்காது. உங்கள் சைக்கிளின் முன்கவையிலும் பின்சட்டத்திலும் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது பக்கச்சுவர். பூவைப் பார்த்து மயங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். கூர்மையான கல் டயரின் மேல்பாகத்தைவிடப் பக்கத்தைத்தான் அதிகம் கிழிக்கும். எடை குறைந்த மெல்லிய டயர் ஏற்றத்தில் சுகமாக இருக்கும். ஆனால் பக்கம் கிழிந்து, தோட்டத்துக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்த எடைக் கணக்கு ஞாபகத்துக்கு வராது. குறைந்தபட்சம் பின்சக்கரத்துக்காவது பக்கம் தடித்த டயர் போடுங்கள். ஆளின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அதுதான்.

டியூப் வேண்டுமா? கல் பாதையில் டியூப் இல்லாமல், உள்ளே சீலண்ட் திரவம் ஊற்றி ஓட்டுவதே மேல். டியூப் இருந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே அது நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப் இல்லாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சின்ன ஓட்டைகளைச் சீலண்டே அடைத்துவிடும். அது சில மாதங்களில் உலர்ந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டும்.

இப்போது பூவுக்கு வரலாம். இறுகிய தரைக்கு நடுவில் உயரம் குறைந்த, நெருக்கமான முளைகள் போதும். ஓரத்தில் மட்டும் முளைகள் தடிமனாக, உறுதியாக இருக்கட்டும். வளைவில் சரளை மேல் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவது அவைதான். உயரமான, இடைவெளி விட்ட முளைகள் சேற்றுக்கானவை. காய்ந்த கல்லில் அவை வளைந்து கொடுத்து வழுக்கும், சீக்கிரம் பிய்ந்தும் போகும். ஆனால் இது கேமரன் மலை. காலையில் காய்ந்து கிடந்த பாதை மதியம் ஒரு மழையில் களிமண்ணாகிவிடும். அதனால் முன்சக்கரத்துக்கு நடுத்தர உயர முளையும் மென்மையான ரப்பரும், பின்சக்கரத்துக்குத் தாழ்ந்த முளையும் கெட்டியான ரப்பரும் என்று பிரித்துப் போடுவதுதான் இங்கே புத்திசாலித்தனம்.

கடைசியாகக் காற்று. சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னால் 23 முதல் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பார்க்கலாம். டியூப் இருந்தால் சில பிஎஸ்ஐ கூட்டுங்கள். டயர் மீதும் ரிம் மீதும் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் ஓரிரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளினால் கொஞ்சம் இறக்குங்கள். ஈப்போவிலிருந்து காரில் சைக்கிளை ஏற்றி வருகிறவர்கள் காற்றை மேலே வந்த பிறகு அளப்பது நல்லது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் சற்றுக் கூடும், குளிர் அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். வீட்டில் பார்த்த அளவு அப்படியே இருக்காது.

தோட்டப் பாதைகள் பல தனியாருக்குச் சொந்தமானவை. கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். லாரிக்கு வழி விடுங்கள்.

முகமும் போனது

கம்பெனியை விட்ட டன்லப் டப்ளினில் துணி வியாபார நிறுவனம் ஒன்றின் இயக்குநராகக் காலம் கழித்தார். தாடி வைத்த அவருடைய முகத்தைக் கம்பெனி வணிகச் சின்னமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதற்கு அவர் சம்மதித்தும் இருந்தார். ஆனால் பிறகு வந்த விளம்பரங்களில், அந்தத் தலையை உயரமான, பகட்டாக உடுத்திய, கைத்தடி பிடித்த ஓர் உடம்பின் மேல் ஒட்டிவைத்தார்கள். கூச்ச சுபாவக்காரரான அந்தக் கிழவருக்கு அது பொறுக்கவில்லை. தன் பெயரையே தாங்கிய கம்பெனி மீது அயர்லாந்தில் வழக்குப் போட்டார். அந்த நாட்டு நீதிமன்றம் அதை விசாரிக்கலாமா என்ற கேள்வியோடு வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. பணத்தை விட்டுக்கொடுத்த மனிதர் முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

1921 அக்டோபர் 23 அன்று டப்ளினில் அவர் இறந்தார். டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். காற்று டயர் உருவான கதையை அவர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் அது நூலாக வெளிவந்தது.