கையால் ஜீன் கட்டியவர்

இன்னிக்கு பாக்டீரியாவுக்குள் புது ஜீன் வைக்கணும்னா எழுத்து வரிசையை ஆன்லைனில் ஆர்டர் போட்டா போதும், டி.என்.ஏ. துண்டு கூரியரில் வந்துடும். இதுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஹர் கோவிந்த் குரானா.

1922-ல் பஞ்சாபின் ராய்ப்பூரில் பிறந்தார். மொத்தமே நூறு பேர்தான். நம்ம பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களே அதைவிடப் பெருசு. அப்பா பட்வாரி, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமா அது ஒண்ணுதான். முதல் பாடம் மரத்தடியில்.

1948-ல் லிவர்பூலில் பிஎச்.டி. முடித்து, சூரிச்சில் கொஞ்ச காலம் ஆராய்ச்சி செய்து, 1949-ல் இந்தியா திரும்பினார். சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிருந்தது. வேலையும் கிடைக்கலை! பிளேஸ்மென்ட் டென்ஷனில் இருக்கிற நீங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. மறுபடி இங்கிலாந்து, அப்புறம் கனடா, அமெரிக்கா. 1968-ல் மரபுக் குறியீட்டுக்காக நோபல்.

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. எம்.ஐ.டி.யில் அவரோட குழு ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு ஜீனை, அதன் ஆன் ஸ்விட்சான புரோமோட்டரோடு சேர்த்து, வெறும் கெமிக்கலில் இருந்து கட்டினாங்க. சின்னச் சின்னத் துண்டா செய்து லைகேஸ் என்சைமால் ஒட்டி ஒட்டி, வருஷக்கணக்கில். மொத்தம் சுமார் 200 எழுத்து ஜோடிதான்.

அது வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறது? பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்தாங்க. அதன் ஜீன் நடுவில் தப்பா ஒரு 'நிறுத்து' குறி இருந்ததால் அதால் பெருக முடியாது. செயற்கை ஜீன் உள்ளே போனதும் செல் அந்தக் குறியைத் தாண்டிப் படிச்சது, வைரஸ் பெருகிச்சு. வருஷம் 1976. மனுஷன் கட்டின ஜீன் உயிருள்ள செல்லுக்குள் வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை.

2011-ல் மாசசூசெட்ஸில் இறந்தார், 89 வயசில்.